தோட்டத்தையும் காட்டு

குளத்து மீன்களை வீடியோ எடுக்க நுஸைபா தாழ்வாரத்து விளிம்பில் குனிந்தபோது அத்தாவின் எண்ணிலிருந்து அடுத்த செய்தி வந்தது. 'நல்லா இருக்கும்மா. தோட்டத்தையும் காட்டு.'

அத்தா எப்போதும் குரலில்தான் பேசி அனுப்புவார். இன்று காலையில் மட்டும் 'தொண்ட கட்டிக்கிச்சு, எழுதுறேன்' என்று வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய உடம்பு, அவள் நம்பினாள்.

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. விடுமுறை நாளில் இந்தப் பழைய வணிகர் வீட்டைப் பார்க்க வந்ததே அத்தாவுக்காகத்தான். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அவளுடைய தகப்பனார் சௌகத் அலி, "அந்த ஊரு யாவாரிக எப்புடி வீடு கட்டி வாழ்ந்தாங்கன்னு பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முன்கட்டில் கடை, பின்கட்டில் குடும்பம், நடுவே தோட்டம். "நம்ம வீடு மாதிரியே, கடையத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகணும் அத்தா" என்று சிரித்தபடி பேசி அனுப்பியிருந்தாள். இப்போது பாசி படர்ந்த கல்விளக்கையும், குடைபோல் கத்தரித்த பைன் மரத்தையும் எடுத்தாள்.

சின்னம்மா மகள் ரஃபியா அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன்டி, மொகத்த வீடியோலயாச்சும் பாத்தியா? இப்பத்தான் மையத்தச் சந்தூக்குல வச்சுத் தூக்குறாங்க."

"யாரத் தூக்குறாங்க?"

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு மெதுவாக, "ஒனக்குச் சொல்லலையா?" என்றாள் ரஃபியா.

நுஸைபா அத்தாவின் எண்ணுக்கு அழைத்தாள். அண்ணன் முகமது ரஃபீக் எடுத்தான். பின்னால் கலிமா ஓதும் குரல்கள் தெருவில் நகர்ந்துகொண்டிருந்தன.

"எப்பண்ணே?"

"விடியக்காலம், பஜ்ர் தொழுகை நேரம். தனியா இருக்குற புள்ள, என்ன ஆவியோன்னு அம்மாதான்... நீ ரூமுக்குப் போனதும் சொல்லலாம்னு இருந்தோம்."

"தோட்டத்தக் காட்டச் சொன்னது?"

"நாந்தான்."

"நான் பேசி அனுப்புனதெல்லாம்?"

"கேட்டேன். மையத்து வீடு, சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிட்டுக் கேட்டேன்."

"மொகத்தக் காட்டு."

"மூடியாச்சும்மா."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பாய் விரித்த அறைகள் வழியாக வாசலுக்கு வந்தாள். காவலுக்கு இருந்த பெண் குனிந்து வணங்கினாள். எளிதாகக் கால் நுழைக்கும்படி நுஸைபா கழற்றி விட்டிருந்த ஷூக்களைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். நுஸைபா படியில் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறிப் போனார்கள்.