வராண்டா விளக்கை அணைத்த டீச்சர்

திண்டுக்கல்லில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கிளாரா டீச்சருக்கு ஒரு வாரமாக நிம்மதி இல்லை. பொது மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக வராண்டா விளக்குகளுக்குப் புது சுவிட்ச் வைத்தவர் அவர்தான். அமுக்கினால் எரியும், சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

மூன்றாம் மாடிப் பெண்கள் சும்மா விடுவார்களா? சீரியல் தொடங்கும்வரை சின்ன வெங்காயம் உரிப்பதும் ஊர்க்கதை அளப்பதும் அந்த வராண்டாவில்தான். கதை சூடு பிடிக்கும்போதெல்லாம் விளக்கு போய்விட்டது.

"நாளைக்குக் கூட்டத்துல அந்த சுவிட்சப் புடுங்கச் சொல்லல, எம்பேரு வீரலட்சுமி இல்ல!" என்று ஒருத்தி சபதமே போட்டாள். சுவிட்ச் போனால் செயலாளர் பதவியும் கூடவே போய்விடும் என்று டீச்சருக்குப் பயம்.

சமாதானம் பேச, ஒரு தட்டு முறுக்கோடு அன்று மாலையே மாடியேறினார். வராண்டா கும்மிருட்டு. பேச்சு மட்டும் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. டீச்சரின் கை சுவிட்சைத் தடவியது.

"யாரது? லைட்டப் போடாதீக!" வீரலட்சுமியின் குரல்தான். "மூஞ்சி தெரியாமப் பேசுறதுலதான் சொகமே இருக்கு. வெளிச்சத்துல பாதி விசயம் தொண்டையிலயே நின்னுருது."

"அப்ப நாளைக்குக் கூட்டத்துல?"

"அட, டீச்சரா! அந்த சுவிட்சு அது பாட்டுக்கு இருக்கட்டும், டீச்சர்."

முறுக்குத் தட்டை இருட்டில் யார் கையிலோ கொடுத்துவிட்டு, பெருமூச்சோடு டீச்சர் படியிறங்கினார். முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடர்ந்தது.

"மீன்குழம்புல யாராச்சும் சீனி போடுவாகளா? நம்ம டீச்சர் போடுறாகளே!"

எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டார் டீச்சர்.