ரெஸ்யூமில் விடுபட்ட இரண்டு வருடம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் வீடு தாங்காது. பதவி உயர்வுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாள் அது. அதில் அவர் பெயர் இருக்காது. வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பை ஒரு மூலையிலும் பையை ஒரு மூலையிலும் வீசிவிட்டு, "இனிமே அந்தப் படிய மிதிக்க மாட்டேன். என் ரெஸ்யூம எடுத்து சரி பண்ணி வை" என்று மனைவியிடம் முழங்குவார். அவளும் சரி என்பாள். விடிந்தால் மனிதர் ஆறு மணிக்கே சீருடையை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டீ கேட்பார். பத்தொன்பது வருடம் இந்தக் கூத்து தவறாமல் நடந்தது.

பிறகு அவள் இறந்துபோனாள். அதற்கப்புறம் பட்டியல் ஒட்டினார்களா கிழித்தார்களா என்றுகூட அவர் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, போன வாரம், கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் பழைய ஆட்களில் பாதிப் பேரைக் கைகழுவிவிட்டார்கள். இருபத்தொரு வருட வேலை ஒரு அட்டைப் பெட்டிக்குள் அடங்கி, வீட்டு அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் பராமரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இன்று நாலு மணிக்குள் ரெஸ்யூம் போய்ச் சேர வேண்டும். ஐம்பத்து மூன்று வயதுக்காரரை இன்னொருவர் கூப்பிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மகள் மதியமே பழைய கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"இருபத்தொரு வருஷத்துக்கு முந்தின சரக்குப்பா. புதுசாவே அடிச்சிரலாம்."

"தொறந்துதான் பாரேன். படிப்பு, பொறந்த தேதி அடிக்கறதாவது மிச்சம்."

திறந்தாள். ஒரு பக்கம் இருக்கும் என்று நினைத்தது ஏழு பக்கம் ஓடியது. மகள் முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தாள். இல்லை, அப்பா பெயர்தான். வருடவாரியாக அம்மா அடித்து வைத்திருந்தாள். அவர் கத்திவிட்டு மறுநாள் சமர்த்தாக வேலைக்குப் போன பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். மகள் உரக்கப் படித்தாள்.

"ஆறாம் வருடம். துணிக்கடை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி. கூட வேலை செய்பவர் மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி லிஃப்டை மெல்ல இறக்கும்வரை, கதவு இடுக்கு வழியாக நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே இருந்து பயத்தைப் போக்கினார்."

அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பதினோராம் வருடம். லிஃப்டின் இரும்புக் கயிறு இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று மேலாளர் சொல்லியும் கையெழுத்துப் போட மறுத்தார். பதவி உயர்வு போனது. செய்தது சரி."

"பதினான்காம் வருடம். கதவு சீக்கிரம் மூடுகிறது என்று முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் சொன்னதால், அது திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தார். அந்தப் பெரியவர் தினமும் இவரைப் பற்றி விசாரிக்கிறாராம்."

எல்லாம் சாப்பிடும்போது அவர் பேச்சுவாக்கில் உளறியது. அவளோ பரிமாறிக்கொண்டே "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். காதில் வாங்கினாளா என்றே அவருக்குச் சந்தேகமாக இருக்கும். சில சமயம் அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்வார். இப்போது, இத்தனை வருடம் கூடவே இருந்தவளை இவ்வளவு குறைவாகப் புரிந்து வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"இதையெல்லாம் ரெஸ்யூம்ல போட மாட்டாங்கப்பா" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல, நான் சுருக்கிக்கறேன். அம்மா பத்தொம்பதோட நிறுத்திட்டாங்க. கடைசி ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க? சொல்லுங்க, சேத்துட்டு அனுப்பிடலாம்."

அவர் யோசித்தார். காலையில் போனார், எண்ணெய் விட்டார், சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார், வந்தார். நடுவில் ஏதாவது நடந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஒருத்தர்கூடவா மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்?

"ஒரு ஸ்கூல் லிஃப்ட்ல டீச்சர் ஒருத்தங்க..."

"அது அஞ்சாம் பக்கத்துல இருக்குப்பா."

மறுபடி யோசித்தார். மணி மூன்றரை ஆகிவிட்டது.

"ஞாபகம் வரலம்மா."

"ஒண்ணு கூடவா?"

"உங்கம்மாகிட்ட சொன்னாத்தான் எனக்கு அது நடந்த மாதிரி. சொல்றதுக்கு ஆளில்லாம போச்சு. அதான் எதுவும் மனசுல நிக்கல."

மகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். இந்த இரண்டு வருடமும் அவள் இதே வீட்டில்தான் இருந்தாள். இதே மேஜையில், எதிர் நாற்காலியில்தான் சாப்பிட்டாள். ஆரம்பத்தில் தினமும், "இன்னைக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே "என்ன ஆகும்" என்பார். சில மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டாள்.

"நான் இருந்தேனேப்பா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் திரையின் பக்கம் திரும்பி, கடைசி இரண்டு வருடத்துக்கு நேராக 'அதே பணி தொடர்ந்தது' என்று அடித்தாள்.

அவர் அவளுடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு பள்ளியில் கணினி டீச்சர் என்று தெரியும். அதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு வரிகூட இல்லை.

"ஸ்கூல்ல நீ இப்ப எந்த கிளாசுக்கு எடுக்கற?"

அவள் திரும்பவில்லை. மருத்துவமனையின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலை போய் எட்டு மாசமாச்சுப்பா" என்றாள். "சாயங்காலம் நாலு வீட்டுக்குப் போய் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். இதை அனுப்பிடவா?"