வெறும் ஸ்லைடு

...மினுங்கக் கூடாது, மற்றது எது வேண்டுமானாலும் மினுங்கட்டும், இது மட்டும் கூடாது, என்று நினைத்துக்கொண்டேதான் மைக்ரோஸ்கோப் திரையைப் பார்த்தாள். பச்சை. நரம்புச் செல்லின் கிளை நுனிகளில், ஒரு செல் அடுத்ததைத் தொடுகிற அதே இடங்களில், அதே புள்ளிகள். புதுப் புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியை இந்த ஸ்லைடில் அவள் விடவே இல்லை, அதன்மேல் ஒட்டி ஒளிர்கிற சாயத்தை மட்டும்தான் விட்டாள், பிடிக்க ஆளே இல்லாத இடத்தில் சாயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? சாயம் தானாகவே போய் ஒட்டியிருக்கிறது... அப்படியென்றால் இரண்டு வருஷமாக, இதோ இங்கேதான் இருக்கிறது என்று அவள் காட்டிய படமெல்லாம்? ஆன்டிபாடி விடாத வெறும் ஸ்லைடு ஒன்றைக் கூடவே செய்ய வேண்டும் என்பது முதல் நாள் பாடம், செய்தாள், ஒரு மாதம் செய்தாள், சாயப் புட்டி மாறிய பிறகு விட்டுவிட்டாள், எப்போதும் இருட்டாகத்தானே வருகிறது, இருட்டை யார் தினமும் படமெடுப்பது. கட்டுரை போகுமுன் கடைசியாக ஒன்று என்று இன்றைக்குத்தான் மறுபடி செய்தாள். காலையில் போனில் அக்கா சிரித்தாள், ஏண்டி, ஒரு புரதம் எங்க உக்காந்திருக்குன்னு பாக்க ரெண்டு வருஷமா, உன் மாமாவே வண்டிச் சாவிய அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிடுவாரே. இவளும் சிரித்தாள். கண்டுபிடிச்சாச்சுக்கா, சாயங்காலம் கட்டுரை போகுது, என் பேருதான் முதல்ல.

இந்த ஸ்லைடை உடைத்துக் குப்பையில் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதுதான் கஷ்டம். ஆன்டிபாடி விட்ட பழைய ஸ்லைடை எடுத்து வைத்தாள், எப்போதும் குறைத்தே வைக்கிற வெளிச்சத்தை இந்தத் தடவை ஏற்றினாள், உட்கருவைச் சுற்றி மங்கலாய்ப் பொடிப்பொடியாக ஏதோ, அழுக்கு என்று இத்தனை நாளும் அவள் இருட்டில் அமுக்கிய அதே பொடி. வெறும் ஸ்லைடை அதே வெளிச்சத்தில் பார்த்தாள். நுனிகள் எரிந்தன, உட்கருவைச் சுற்றி ஒன்றுமில்லை. மறுபடி மாற்றினாள், மறுபடி... பழையதில் இருக்கிறது, இதில் இல்லை, அப்படியென்றால் ஆன்டிபாடி தேடிப் பிடித்தது இந்தப் பொடியைத்தான்.

கதவைத் தட்டிவிட்டுப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அனுப்பிடலாமா? படத்துக்குக் கண்ணு பட்டுடப்போகுது."

"பட்டுடுச்சு சார். அனுப்பாதீங்க. வந்து பாருங்க."

அவர் சிரிப்பு அடங்க, நாற்காலியை இழுக்கும் சத்தம். எங்கே பார்க்கணும் என்றார், உட்கருவின் ஓரத்துக்கு அவள் விரலைக் கொண்டுபோனாள், இதோ, இங்கேதான்... நெஞ்சு துள்ளியது, இரண்டு வருஷம் முன்பு அந்த நுனிகளைக் காட்டியபோதும் இதே போலத்தான் துள்ளியது, இம்மிகூடக் குறையாமல்.