எல்லோருக்கும் பத்து மணி

அலுவலகத்தில் அவருக்கு நொடியார் என்று பெயர். இணையப் பக்கம் ஒன்று திறக்க இரண்டு நொடி எடுத்தால்கூட, சோற்றில் கல்லைக் கடித்தவர்போல முகம் சுளிப்பார். வாரம் தவறாமல் ‘விரைவு மடல்’ என்றொரு செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பிவந்தார். எந்த சர்வர் எதனால் படுத்தது, கனத்த பக்கத்தை எப்படி இளைக்க வைப்பது, புதிதாக வந்த பாடங்களில் எது படிக்கத் தக்கது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊரார் தளங்களுக்கெல்லாம் புத்தி சொன்னவருக்கு, வீட்டுத் தளத்தின்மேல் கைவைக்க மட்டும் துணிவில்லை.

அது அவர் மனைவியின் பல் மருத்துவமனைத் தளம். கட்டியது அவளுடைய தம்பி. திறந்தால் ராட்சதப் பல் ஒன்று ஆடி அசைந்து சுழலும். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் வலி வந்தவனுக்கு வலியே விட்டுப்போய்விடும். நொடியார் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். “என் தம்பி ராப்பகலா உக்காந்து பண்ணினது” என்றாள் மனைவி. சொன்ன தொனியிலேயே பேச்சு முடிந்துவிட்டது.

வினை வாசகர் வடிவில் வந்தது. ‘நீங்கள் பார்த்ததிலேயே சோம்பேறித் தளம் எது? அனுப்புங்கள், பிரித்து மேய்வோம்’ என்று மடலில் கேட்டிருந்தார். பதில் போட்டவர்களில் பலர் அந்தப் பல்லையே காட்டிக்கொடுத்திருந்தார்கள். ‘பக்கம் திறப்பதற்குள் எனக்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைத்துவிட்டது’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நொடியாருக்கு மானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி தோழி வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கணினி முன் உட்கார்ந்தார். கடவுச்சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். பல்லின் சுழற்சியை நிறுத்தினார். படங்களைச் சுருக்கினார். கடைசியாகத் தமது பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: கேஷ். யார் கேட்டாலும் சர்வர் இனிப் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்காது. ஒருமுறை தயாரித்த நகலை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டும். அதன்பின் தளம் கண் இமைப்பதற்குள் திறந்தது. நொடியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது மனைவியின் போன் வந்தது.

“என்னங்க, உடனே கிளினிக்குக்கு வாங்க. இங்க நிக்கக்கூட இடமில்ல. வந்தவங்க எல்லாருக்கும் பத்து மணிக்கே புக் ஆகியிருக்காம்!”

அவர் போனபோது, நாலு நாற்காலி போட்ட கூடத்தில் ஒரு கூட்டமே நின்றது. முக்கால்வாசிப் பேர் கன்னத்தில் கைவைத்திருந்ததைப் பார்த்தால் இழவு வீடு தோற்றுவிடும். வரவேற்பு மேசையில் மச்சான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

“மாமா, எவனோ தளத்துக்குள்ள புகுந்திருக்கான். ஹேக்கர் வேலை! நம்ம பல்லு சுத்தவே மாட்டேங்குது. போலீசுக்குப் போயிடலாமா?”

நொடியார் நைசாகப் போனில் தளத்தைத் திறந்து பார்த்தார். சட்டென்று திறந்தது. திங்கட்கிழமைக்குப் பத்து மணி ஒன்று மட்டும் காலி என்றது. அவர் நகலெடுத்த நேரத்தில் காலியாக இருந்த பத்து மணி அது. அப்போதிலிருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் அதே காலியிடத்தைத்தான் தளம் காட்டிக்கொண்டிருந்தது.

பேசாமல் ஹேக்கர் தலையில் கட்டிவிட்டு நழுவியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை.

“ஹேக்கரா இருந்தாலும் கெட்டிக்காரன்தான் மச்சான். எவ்வளவு வேகமா தொறக்குது பாத்தியா?”

உள்ளறைக் கதவருகே முகக்கவசத்தோடு மனைவி நின்றிருந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதுவே போதுமாயிருந்தது.

“நீங்களா?” என்றாள்.

“இல்லம்மா... பக்கம் பழைய நகலக் காட்டுது, அதனால...”

“அது நகலோ என்னவோ, என் பல்லு அசல்” என்றார் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள். “மொதல்ல அதப் பாருங்க.”

நொடியார் மச்சான்மேல் பாய்ந்தார். “ஒருத்தர் எடுத்த நேரத்த இன்னொருத்தர் எடுக்க விடாம நீ தடுத்திருக்க வேணாமா?”

“எடுத்த நேரந்தான் பக்கத்துல தெரியாதே மாமா. தெரியாதத எப்படி எடுப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் மனைவி. “இங்க வாயைத் தொறக்க வேண்டியவங்க நெறைய பேர் நிக்கிறாங்க.”

நொடியார் அங்கேயே நின்று கேஷை நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவரிடமும் போய், எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டு வரிசைப்படுத்தினார். பல் சுத்தம் செய்ய வந்தவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வேறு நாளுக்கு அனுப்பினார். இரண்டு நொடி பொறுக்காத மனிதருக்கு அன்று முழுக்க, “கொஞ்சம் பொறுத்துக்கங்க, இப்ப கூப்பிட்டுடுவாங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று.

கடைசி ஆள் போனதும் மனைவி முகக்கவசத்தைக் கழற்றினாள். திட்டு விழப்போகிறதென்று நொடியார் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ சிரித்துவிட்டாள்.

“ஆனா நெஜமாவே வேகமாத்தான் தொறக்குதுங்க.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மச்சானைப் பார்த்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, கேஷை மறுபடி போட்டு, நேரம் காட்டும் பகுதி மட்டும் அதற்குள் போகாதபடியும், ஒரே நேரத்தை இரண்டு பேர் எடுக்க முடியாதபடியும் செய்தார்கள்.

அந்த வார மடலில் நடந்ததை அப்படியே பாடமாக எழுதினார். அனுப்புமுன் மனைவி வாங்கிப் படித்து, கடைசியில் தானே ஒரு வரி சேர்த்தாள்: ‘இதைச் செய்தவரை வீட்டில் விசாரித்தாயிற்று.’

அதற்கு வந்த அளவு பதில் வேறெந்த இதழுக்கும் வந்ததில்லை. ஆளாளுக்குத் தாங்கள் கவிழ்த்த சர்வர் கதைகளை எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், கடைவாய்ப் பல் குடைகிறது, எப்போது வரலாம் என்று கேட்டிருந்தார். நொடியார் பதில் எழுதவில்லை. போனை அப்படியே மனைவியிடம் நீட்டினார்.