பவுடர் வேறு, பொடி வேறு

என் கழுத்தை வேக வைத்தவர்கள் மூன்று பேர். மூவரும் நல்லவர்கள் என்றுதான் ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். வெந்தது ஊரின் கழுத்து இல்லையே.

வலது காதுக்குக் கீழே எனக்கு ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. புளியங்கொட்டை அளவு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது, அதற்குமேல் வளரவில்லை. அம்மா அதைத் தேமல் என்றுதான் சொல்வாள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எது வெளியே தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. அம்பாசமுத்திரத்திலிருந்து கார்த்திகேசனுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பின்னலை வலது தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டு, அரைக் கூடைப் பிச்சிப்பூவைக் காது மறைய வைத்து, அவர்கள் எழுந்து போகும்வரை இந்தப் பக்கம் திரும்பாதே என்று உத்தரவு போட்டாள். சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் உன்னை நான் எங்கே கொண்டுபோய்த் தள்ள என்று கேட்டாள். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது? அன்று முழுக்க ஒரே பக்கம் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நிச்சயம் முடிந்தது. பூ மணவறைவரைக்கும் தாங்கும், அப்புறம் என்ன செய்வது? அப்போதுதான் அம்மாவுக்குப் பரமசிவன் அகப்பட்டார்.

பரமசிவன் பஹ்ரைனில் ஏதோ ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே வெள்ளைக்காரிகள் மேனி கறுக்க வேண்டும் என்று காசு கொடுத்துப் படுத்துக்கொள்ளும் விளக்குப் பெட்டி ஒன்றைப் பழசாக வாங்கி வண்ணார்பேட்டைக்கே கொண்டுவந்துவிட்டார். முன்னால் எஸ்.டி.டி. பூத், பின்னால் பெட்டி. திருநெல்வேலியில் மேனி கறுக்க எவனாவது காசு கொடுப்பானா? மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் சும்மாவே கறுக்கும். அதனால் என்னைப் போன்ற வெள்ளைத் திட்டுக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். நாங்களும் பூத்தில் போன் பேச வந்தவர்கள் மாதிரி நுழைந்து, திரைக்குப் பின்னால் போவோம்.

பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு எச்சரிக்கைப் பலகை. பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளை அவரே தமிழாக்கி எழுதியது. கறுப்புக் கண்ணாடி போடாமல் படுக்கக் கூடாது. நகை கூடாது. ஒளி எடுத்த அன்று வெயிலில் போகக் கூடாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்ல வேண்டும். பவுடர், ஸ்நோ, செண்ட் போட்டு வரக் கூடாது. மீறினால் நிலையம் பொறுப்பல்ல. கடைசி வரி மட்டும் சிவப்பு. அந்த ஆளுக்கு எதில் அக்கறை என்று அதிலேயே தெரியும்.

ஒவ்வொரு தடவையும் வாய்விட்டும் கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து உண்டா, பவுடர் உண்டா? அம்மா எனக்கு முன்னால் முந்திக்கொள்வாள். ஒன்றும் கிடையாது, என் பிள்ளை பவுடர் டப்பாவையே தொடமாட்டாள் என்பாள். அது நிஜம். எனக்கு அந்த வாசனை ஆகாது. கழுத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் துணி போட்டு மூடிப் பெட்டிக்குள் படுக்க வைப்பார். நீல வெளிச்சம் ரீங்காரம் போடும். முதல் சில தடவை ஒன்றும் ஆகவில்லை. திட்டு திட்டாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாமியாராகப் போகிற பிரம்மநாயகி அத்தை பலகாரத் தூக்கோடு வந்தார்கள். கூடவே, தானே இடித்துச் சலித்த குளியல் பொடி ஒரு டப்பா நிறைய. கல்யாணப் பெண் சோப்புப் போடக் கூடாது, இதைக் கெட்டியாகக் குழைத்துக் கழுத்தில் நன்றாக ஊற வைத்துக் குளிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். சம்பந்தி கைப்பட இடித்தது என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் அவளே என் கழுத்தில் அப்பிவிட்டாள். அடுத்த தடவை ஒளி எடுக்கும் நாளில் குளித்துவிட்டு நேரே வண்ணார்பேட்டை போனோம். பவுடர் உண்டா என்று பரமசிவன் கேட்டார். கிடையாது என்றாள்.

மறுநாள் கழுத்து எரிந்தது. அதற்கு மறுநாள் காதிலிருந்து தோள்வரை கொப்புளம். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட ஆள் சொல்லியாகிவிட்டது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள்? இனி எந்தப் பூவாலும் மறைக்க முடியாது என்று அழுதாள்.

நான் அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பரமசிவனிடம் போய்க் கழுத்தைக் காட்டினேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கை தானாகப் பலகையைக் காட்டியது.

"கேட்டேன்லா தாயி? பவுடர் உண்டான்னு கேட்டனா இல்லியா?"

போடவில்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் தோலில்தான் ஏதோ கோளாறு என்றார். பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லையாம், எனக்குத்தானாம். ஆணியிலிருந்து பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பூத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

அப்படியே தோல் டாக்டரம்மா பாக்கியவதியிடம் போனேன். பலகையை முழுக்கப் படித்துவிட்டு, "பவுடர் போடலை, சரி. குளிக்கையில என்ன தேய்க்கே?" என்று கேட்டார்கள். குளியல் பொடி என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பவுடர் என்றால் டப்பாவில் வருகிற வாசனைப் பவுடர். பொடி பொடிதான். பொடியைப் போய் யார் பவுடர் என்பார்கள்?

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார்கள். கார்போகரிசி. மணத்துக்காக எல்லோரும் குளியல் பொடியில் சேர்ப்பதுதான். ஆனால் அது பட்ட தோலில் இந்த விளக்கு பட்டால் வெந்துபோகும் என்றார்கள்.

"மணத்துக்குப் போட்டா கொஞ்சம்தான் போடுவாவ. இதுல பாதி அதுதான் இருக்கு. வெள்ளைத் திட்டுக்கு நாட்டு மருந்தா இதைத்தான் அரைச்சுப் பூசுவாவ. ஒனக்குத் திட்டு இருக்குன்னு இடிச்சவங்களுக்குத் தெரியுமோ?"

களிம்பு தடவி, துணி படக் கூடாது, வெயில் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு பெயிண்ட் கடையில் தூரிகை கேட்டு வாங்கி, பலகையில் பவுடருக்குப் பக்கத்தில் 'குளியல் பொடி, நலங்கு மாவு எதுவும்' என்று எழுதினேன். சிவப்பு வரியை அடித்து அழித்தேன். பரமசிவன் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். இதை மாட்டாமல் இன்னொரு பெண்ணைப் படுக்க வைத்தால் பெட்டியில் உம்மைப் படுக்க வைப்பேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்து அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினேன். கழுத்தில் துணி இல்லை, பூ இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் சேரன்மகாதேவி வரைக்கும் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு நடையில் ஒரு பெண் தனியாக வந்து நின்றால் எப்படியிருக்கும்? பிரம்மநாயகி அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டார்கள். கழுத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொடியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் என்று வரிசையாகச் சொல்லி நிறுத்தினார்கள். கார்போகரிசி எவ்வளவு என்று கேட்டேன். கீழே கிடந்த முறத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன்ட்டி. பூ வச்சா காத்தடிச்சு வெலகாதா? கார்த்திகேசனுக்கும் தெரியும். இருந்துட்டுப் போட்டும்னுட்டான். நாந்தான், போயிருச்சுன்னா நல்லதுதானேன்னு கலந்தேன். வெளிய சொன்னா ஒங்க அம்மை கூசிப் போவாவளே."

"கூச்சம் அம்மாவுக்கு. கொப்புளம் எனக்கா அத்தே?"

இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு வைத்தியம், ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருவருக்கொருவர் தெரியாமல். நடுவில் கழுத்து மட்டும் என்னுடையது. ஒரு வார்த்தை யாராவது வாயைத் திறந்திருந்தால் தோல் தப்பியிருக்கும். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. புறப்படுங்கள், இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்கள்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் வந்த சம்பந்தியைப் பார்த்தாள். அடுத்த நொடி படியிறங்கி ஓடிவந்து, என் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடினாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாங்க மைனி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீயளே, பிள்ளைக்கு லேசாச் சளி, காத்து ஆகாது என்றாள்.

"மூடாதிய மைனி," என்றார்கள் அத்தை. "எனக்கு அப்பமே தெரியும்."

அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கையும் எடுக்கவில்லை. கேட்காதவள் மாதிரி தலைப்பை இன்னும் இறுக்கினாள். உள்ளே ஒரு கொப்புளம் உடைந்து துணி நனைந்தது.

"கையை எடும்மா," என்றேன். "எரியுது."