மொத்தக் காத்திருப்பு

வேன் ஓட்டுநர்கள் அவனுக்கு வைத்த பெயர் கால்குலேட்டர். முகத்துக்கு நேரே கால்குலேட்டர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கால்குலேட்டர். இரண்டுமே அவன் காதில் விழும். இரண்டிலுமே அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த டயாலிசிஸ் நிலையத்தில் சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அறுபது பேருக்கு மேல். அவர்களை வீட்டிலிருந்து அழைத்துவரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் இருந்தவை ஆறே வேன்கள். வேன் கொட்டகைக்குப் பின்னால், ஜன்னலைத் திறந்தால் டீசல் நெடி அடிக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வேன் யாரை எப்போது ஏற்றவேண்டும் என்று முடிவு செய்வது அவன் வேலை.

அவன் வருவதற்கு முன்பு இதை முடிவு செய்தது கணக்கு அல்ல, தொண்டை. உரக்கக் கத்துகிறவர் முதல் வேனில் போவார். ஓட்டுநருக்கு வேண்டப்பட்டவர் அடுத்த வேனில். வாயில்லாப் பூச்சிகள் நாற்காலியில் சுருண்டு கிடக்கும். முன்பு அந்த வேலையில் இருந்தவர், தன் மச்சினனின் மாமனாரை எப்போதும் முதலில் அனுப்பிவைத்தார். ஒருநாள் வேறொரு நோயாளியின் மகன் எல்லோர் எதிரிலும் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அதனால் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே இவன் காத்திருப்புக் கூடத்தின் நடுவில் நின்று ஒரு பிரசங்கம் செய்தான். "இனிமே சிபாரிசுங்கற பேச்சே கிடையாது. கம்ப்யூட்டர்ல கணக்குப் போடப்போறேன். கணக்கு யார் மூஞ்சியையும் பாக்காது." கைதட்டல்கூட விழுந்தது. முதலில் தட்டியது அவனுடைய அத்தை. அவளும் அங்கே நோயாளிதான்.

அப்பாவின் அக்கா அவள். அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்து, கல்யாணம் என்ற வரிசையில் மட்டும் நிற்காமல் ஓய்வுபெற்றவள். பாலத்துக்கு அப்பால், ஊர் முடிகிற இடத்தில் தனி வீடு. கூட வந்து இரு என்று அவன் கூப்பிட்டுப் பார்த்தான். "உன் வீட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டி எனக்குக் காபி போடணும். அதுல நான் குறை சொல்லணும். எதுக்குடா வம்பு?" என்று சொல்லிவிட்டாள்.

அவன் போட்டது கல்லூரியில் படித்த நேரியல் திட்டமிடல் கணக்குதான். எவை தெரியாதோ அவற்றை முதலில் எழுதவேண்டும். பிறகு, மீறக்கூடாதவை: வேனில் இத்தனை பேர்தான் ஏறலாம், ஓட்டுநருக்குச் சாப்பாட்டு நேரம் வேண்டும், ஊசியைக் கழற்றும்வரை யாரும் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாது. கடைசியில், எதைக் குறைக்கவேண்டும் என்று ஒரே ஒரு வரி. அவன் எழுதிய வரி இது: எல்லோருடைய காத்திருப்பையும் கூட்டி வரும் மொத்தம் குறையவேண்டும்.

குறைந்தது. மந்திரம் போட்டதுபோல் பாதிக்கும் கீழே இறங்கியது. சண்டை நின்றது. மேலாளர் அந்த இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தன் அறைக்கதவில் ஒட்டிவைத்தார்.

ஆனால் கணினிக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும். மொத்தத்தைக் குறை என்றால் மொத்தத்தைக் குறைக்கும். இருப்பதைப் பங்கு போட்டுக் கொடு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே! பாலம் தாண்டி ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் ஒரு வேன் நிறையப் பேரை வீடு சேர்த்துவிடலாம். அதனால் கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரே முடிவுக்கு வந்தது. பாலம் தாண்டிப் போகிறவர் கடைசி. மிச்சமிருந்த காத்திருப்பையெல்லாம் அது மூட்டையாகக் கட்டி அந்த ஒரு தலையில் ஏற்றியது. பாலம் தாண்டிப் போகிறவள் அத்தை ஒருத்திதான்.

விடியும் முன்பே வந்து, மதியத்துக்குள் ஊசி கழற்றிவிடுகிறவள், தெருவிளக்கு எரிந்தபிறகுதான் வேன் ஏறினாள். அதுவரை வாசல் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடப்பாள். ரத்தம் சுத்தமான கையோடு உடம்பு துவைத்துப் பிழிந்த துணியாகிவிடும். கெண்டைக்கால் முறுக்கும், தலை நிற்காது, படுக்க இடம் கிடையாது.

அவனுக்கு இது தெரியாமல் இல்லை. முதல் வாரமே போய்க் கேட்டான். "என்ன அத்தை, ரொம்ப நேரமா உக்காந்திருக்கியா?"

"வரிசைன்னு ஒண்ணு இருந்தா கடைசில ஒருத்தர் இருக்கத்தான்டா செய்வாங்க. கவுண்டர்ல உக்காந்து தேஞ்சவளுக்கு நீ வரிசையப் பத்திச் சொல்லித் தரியா? போ, போய் வேலையைப் பாரு."

"டாக்சி பிடிச்சுத் தரட்டுமா?"

"நல்லா இருக்கு. கணக்குப் போட்டவன் அத்தை மட்டும் கார்ல போறா, அவன் கணக்க அவனே நம்பலன்னு ஊர் சிரிக்கவா? என் மருமகன் யோக்கியன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். கெடுத்துடாதே."

அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவன் காத்திருப்புக் கூடத்தின் வழியாக வருவதையே விட்டுவிட்டான். வேன் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தன் அறைக்குப் போவான். அந்த வழி கிட்டம் என்று ஓட்டுநர்களிடம் சொன்னான். உண்மையில் சுற்றுவழி.

வீட்டில் மனைவி விடவில்லை. "அத்தைக்குப் போன் பண்ணினேன். பேசவே தெம்பில்ல அவங்களுக்கு. எப்பவும் அவங்கதான் கடைசியா?"

"கணக்குல அப்படித்தான் வருது."

"கணக்கு என்ன வானத்துலேருந்தா விழுந்துச்சு? நீங்கதானே எழுதினீங்க."

"ஒருத்தரும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு சேக்கலாம். சேத்தா தீர்வே வராது. இருக்கறது ஆறு வேன்."

"சேத்துப் பாத்தீங்களா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். சேர்த்துப் பார்க்கவில்லை. கணக்கே மூச்சாக வாழ்கிற மனிதன், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கைப் போடாமலேயே விடை சொல்லியிருந்தான்.

அவள் பின்னாலேயே வந்தாள். "அந்த இடத்துல வேற யாராவது இருந்தா?"

"வேற யாராவதுன்னா நாளைக்கே மாத்தலாம். அத்தைங்கறதாலதான் முடியல. தொட்டா அந்த மச்சினன் மாமனார் கதையாயிடும். அறை வாங்கிட்டு வரச் சொல்றியா?"

"அப்போ உங்களுக்கு அத்தையாப் பொறந்ததுதான் அவங்க பண்ணின தப்பு." அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். குழாயடியில் இருட்டில் நின்றவனுக்கு அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. சரி என்று தெரிந்தும் மறுநாள் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அத்தையே போன் செய்தாள். "டாக்டர் இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னுட்டாருடா. உடம்பு தேறிடுச்சாம்." சிறுநீரகம் தேறாது என்று அந்த நிலையத்தின் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் நம்பினான். நம்பினால் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

வரவேற்பறையிலிருந்து வரும் பட்டியல் நேராகக் கணினிக்குள் போய்விடும். யார் வருகிறார், யார் வரவில்லை என்று அவன் பார்ப்பது நின்று வெகுகாலமாகிவிட்டது. அடியில் விழும் மொத்தத்தை மட்டும் பார்ப்பான். அந்த மொத்தம் ஒரு வாரமாக இறங்கிக்கொண்டே வந்து, ஒரு வெள்ளிக்கிழமை இதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. மேலாளர் கேக் வாங்கிவரச் செய்தார். ஓட்டுநர்கள் கைகழுவிக்கொண்டு வந்தார்கள். "கால்குலேட்டர்னா கால்குலேட்டர்தான்" என்று ஒருவர் அவன் வாயில் ஒரு துண்டைத் திணித்தார்.

தலைமை நர்ஸ் தன் பங்கைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டே கேட்டாள். "உங்க அத்தைக்குப் புது சென்டர் பிடிச்சிருக்கா சார்? வீட்டுக்குப் பக்கத்துலயே கெடச்சிடுச்சு, இனி வரலன்னு போன்ல சொன்னாங்களே."

பாலத்துக்கு அப்பால் புது நிலையமும் கிடையாது, பழைய நிலையமும் கிடையாது. அவன் அறைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தான். இந்த வாரம் முழுவதும் பாலம் தாண்டிப் போகிறவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. மொத்தம் ஏன் இறங்கியது என்று அப்போது புரிந்தது. வாயிலிருந்த கேக்கை அவன் குப்பைக்கூடையில் துப்பினான்.

கையில் கிடைத்த வேனில் ஏறினான். பாலத்தில் போகும்போது ஓட்டுநர் வெள்ளந்தியாகச் சொன்னார். "இந்தப் பக்கம் வந்தே ஒரு வாரமாச்சு சார். இப்பல்லாம் பொழுதோட வீட்டுக்குப் போயிடறேன். புள்ளைங்க முழிச்சிருக்கறப்பவே பாக்க முடியுது."

கதவு தாழிடாமல் இருந்தது. அத்தை ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இரண்டு தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். பாதங்கள் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. முகம் அவள் முகமாகவே இல்லை.

"வந்துட்டியா. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்னு பாத்தேன்."

"ஏன் அத்தை இப்படிப் பண்ணினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ மாத்துவே. மாத்தினா உன்னைப் பேசுவாங்க. எனக்கும் அந்த நாற்காலில உக்கார முடியலடா. ஊசியைக்கூடத் தாங்கிடுவேன், அந்த நாற்காலியத் தாங்க முடியல." மூச்சு வாங்கிக்கொண்டு, பழைய குறும்போடு கண்ணைச் சிமிட்டினாள். "கவுண்டர்ல எங்களுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? வரிசைல கடைசி ஆளு, நின்னு நின்னு அலுத்துப்போய், வேணாம்னு திரும்பிப் போயிடணும். ஷட்டரைச் சீக்கிரம் எறக்கிடலாம்."

அவன் அவளைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு முறை இயந்திரத்தில் போட்டார்கள். ரத்தம் சுத்தமாவதற்குள் இதயம் கைவிட்டுவிட்டது. அத்தை போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் காத்திருப்புக் கூடத்தின் வழியாக வந்தான். வாசல் ஓரத்து நாற்காலியில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பழைய குடோன்கள் இருக்கும் பக்கத்துத் தையல்காரர். பாலம் தாண்டிப் போகிறவள் இல்லாமல் போனபின் எல்லோரையும்விடத் தூரம் அவர் வீடுதான். மூட்டை இப்போது அவர் தலைக்கு மாறியிருந்தது.

"ரொம்ப நேரமா இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல சார். கொஞ்ச நேரந்தான்" என்றார் தையல்காரர். அவர் உதடு வெளுத்திருந்தது.

அவன் அறைக்குப் போய் மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்து அந்த வரியை எழுதினான். ஒருவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தினான். தீர்வு இல்லை என்று வரவேண்டும், வந்துவிடவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்வு வந்துவிட்டது. மொத்தம் சற்றுக் கூடியது. கூடியதை எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்குச் சில நிமிஷம். ஒருவரும் வாயைத் திறந்து கேட்கமாட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். அவனால் விட முடியவில்லை. அத்தை கடைசியாக வந்த நாளின் பட்டியலைத் தேடி எடுத்து, புது வரியோடு அதையும் ஓட்டினான். அதற்கும் தீர்வு வந்தது. பாலம் தாண்டிப் போகிறவர்: மதியச் சாப்பாட்டு நேரத்து வேன், உடன் இருவர். அவன் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மேசைமேல் தலையை வைத்து வாய்விட்டு அழுதான்.

மாற்றத்துக்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். சிவந்த கண்ணோடு காகிதத்தை நீட்டினான். அத்தை இழவுதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் படித்தார்.

"இவ்வளவுதானா? மொத்தம் ஒண்ணும் பெரிசா ஏறலையே. நல்ல யோசனை. இதை முன்னாடியே போட்டிருக்கலாமே, யாரு வேணாம்னாங்க?"

"யாரும் வேணாம்னு சொல்லல சார்."

வெளியே வேன் புறப்பட்டது. நல்ல வெளிச்சம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரர் அவனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். பேர்கூடத் தெரியாத ஒரு மனிதருக்கு, கேட்காமலேயே, ஒரே பிற்பகலில் அவன் அதைச் செய்துகொடுத்திருந்தான்.