உறையும் மண்ணும் குன்னெய் மூட்டிய நெருப்பும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நானில்லை, குன்னெய். ரஷ்யாவில், யகூத்தியாவின் வடகோடியில், எங்கள் ஆராய்ச்சி முகாமில், மண்ணிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவை அளக்கிறவள். நான் முகாமின் சமையல்காரன். அதனால் எல்லாம் என் காதில் விழும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு...’

(வேண்டாம். அங்கே எப்போதுதான் கொட்டவில்லை?)

2

செப்டம்பர் முடிந்தால் மூட்டை கட்டிவிடுவோம். மண் உறைந்தபின் என்ன வாயு வரப்போகிறது என்ற நினைப்பு. இந்த வருடம் கடைசிப் படகு வராமல் மாட்டிக்கொண்டோம். அக்டோபரில் மண் இறுக இறுக, வாயுவை அளக்கக் குன்னெய் மண்மேல் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் அளவு எகிறியது.

எங்கள் தலைவர், ஜுலுஸ்தான் என்று பெயர், முறைத்தார். “பொட்டிகிட்ட நெருப்பு கிருப்பு மூட்டினியா?”

“நானா? சேச்சே, இல்லண்ணே.”

மூட்டியிருந்தாள். புது இடத்தில் வேலை தொடங்குமுன் நெருப்புக்கு அப்பமும் வெண்ணெயும் ஊட்டுவது எங்கள் வழக்கம். மூன்று வாரம் முன் பெட்டியை இங்கே வைத்தபோது, அவசரத்தில் அதன் பக்கத்திலேயே ஊட்டிவிட்டாள். அடியில் மட்கிய பாசி மண். ஒரு பொறி இறங்கினால் வாரக்கணக்கில் உள்ளேயே புகையும், அந்தப் புகையிலும் மீத்தேன் உண்டு. மூன்று வார அளவும் பாழ், வேலையும் போச்சு என்று நடுங்கினாள். என் மீன் சூப்பைத் தொடக்கூட இல்லை. (எனக்கு அதுதான் கோபம்.)

3

இங்கே அவளை அழவைக்க நினைத்தேன். ‘கண்ணீர் கன்னத்திலேயே...’ சே, அவள் அழுகிற ஆளில்லை. கடப்பாரையோடு போய் மண்ணைக் குத்தினாள். சூடில்லை, புகையில்லை. அப்படியும் நம்பாமல் மறுபடி குத்தினாள்.

ஏரிக்கு அக்கரையில் இருந்த இன்னொரு பெட்டியைப் பார்க்கப்போன ஜுலுஸ்தான் கத்திக்கொண்டே வந்தார்.

“ஏய் குன்னெய்! அங்கயும் இதே கூத்துதான்! மேலயும் கீழயும் உறைஞ்சு, நடுவுல கெடக்குற வாயுவப் பிழிஞ்சு தள்ளுது. இத்தன வருஷமா இது வர்ற நேரத்துல நாம ஊருல டீ குடிச்சிட்டு இருந்திருக்கோம்!”

“அங்க யாராச்சும் நெருப்பு...”

“கோடைக்கப்புறம் அங்க போன மொத ஆளே நான்தான்.”

அப்படியே பனியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

(உலகத்துக்கு இது நல்ல சேதி இல்லை, தெரியும். அதற்கு நாளைக்குக் கவலைப்படுகிறேன். இன்று என் குன்னெய் தப்பித்தாள்.)

4

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன், இரண்டையும் அடித்துவிட்டேன். குன்னெயின் குறிப்பேட்டில், நெருப்பு மூட்டிய அந்த முதல் நாளுக்கு நேராக ‘அருகில் தீ’ என்றொரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ‘ஆம்’ என்று எழுதினால் இந்தப் பெட்டியின் அளவு செல்லாது, அக்கரைப் பெட்டி ஒன்றுதான் சாட்சி. ‘இல்லை’ என்றால் இரண்டு சாட்சிகள், அதில் ஒன்று பொய்ச்சாட்சி. சிரித்த முகம் மாறாமலே பென்சிலை எடுத்துவிட்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்கப்போவதில்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?